மூன்று தடவைதான் எழுதலாம்

1

என் மகள் யாழினி எந்த வருஷம் படிக்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிற ஜெர்மனியில் கல்லூரிப் படிப்பை வருஷத்தால் அளப்பதில்லை, புள்ளிகளால் அளக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு. மொத்தம் இருநூற்றுப் பத்து சேர்ந்தால் நீங்கள் பொறியாளர். எத்தனை செமஸ்டரில் சேர்க்கிறீர்கள் என்பது உங்கள் பாடு.

போன மாசியில் கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் பெரியப்பா பேத்தி கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, தூரத்துச் சொந்தம், விசாரித்தார்.

"ஏம் அம்மணி, புள்ளைக்கு இது எத்தனாவது வருசம்? மூணு முடிஞ்சிருக்குமே?"

நான் வார்த்தை தேடுவதற்குள் யாழினியே சொல்லிவிட்டாள். "இன்னும் நூத்தி அறுபத்தி மூணு இருக்குங்க."

"நூத்தி அறுபத்தி மூணு நாளா? அட, அப்ப ஆவணிக்குள்ள முடிஞ்சுபோயிரும். நல்லாப் படி கண்ணு."

யாழினி என்னைப் பார்த்தாள். நான் ரசத்துக்குக் கை நீட்டினேன். அவரைத் திருத்த எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. இந்த வாரம் அவளுக்குப் புதுக் கல்லூரியில் இரண்டாவது செமஸ்டர் தொடங்குகிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

2

யாழினியின் அப்பா ரவி இங்கே தண்ணீர் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பொறியாளர். கோயமுத்தூர்க்காரர், மெக்கானிக்கல் படித்தவர், ஒரு அரியர்கூட வைக்காமல் முடித்தவர். இந்தக் கடைசித் தகவலை அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். மகள் மெக்கானிக்கல் எடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. எடுக்காவிட்டால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் போனாள். முதல் குளிர்காலத்தின் கடைசியில் ஒரு நாள் போன் செய்தாள். நான் வேலையில் இருந்தேன். நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை எனக்கு. கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"அம்மா, நான் விழுந்துட்டேன்."

"ஐயோ! எங்க கண்ணு? பனியிலயா? காலை அசைக்க முடியுதா?"

 "மெக்கானிக்ஸ்ல," என்றாள்.

ஜெர்மன் மொழியில் பரீட்சையில் தோற்பவர் விழுகிறார். அவள் அந்த மொழியில் யோசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். முதல் தடவை தோற்றதை நாங்கள் அப்படிச் சிரித்தே கழித்தோம். அடுத்த வருஷம் அதே பாடத்தில் இரண்டாவது தடவை. அப்போது அவள் போன் செய்யவில்லை, "மறுபடியும்" என்று ஒரு சொல் அனுப்பினாள். அதில் சிரிக்க எதுவும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படும். இங்கே ஒரு பாடத்தைப் பெரும்பாலும் மூன்று தடவைதான் எழுத முடியும். கட்டாயப் பாடமொன்றில் மூன்றாவதும் போனால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கல்லூரி மட்டும் என்றால் பரவாயில்லை. அதே படிப்பை நாட்டில் வேறெங்கும் தொடர முடியாது. எனக்கு இது கொடுமையாகப்பட்டது. என்னோடு வேலை செய்யும் ஜெர்மன் பெண்மணிக்கு அப்படித் தோன்றவில்லை. "வராததைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காகத் தொங்குவதைவிட இது நல்லதில்லையா?" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அவரிடம் எனக்குக் கோபமில்லை.

இரண்டரை வருஷம் முடிந்தபோது யாழினி அங்கிருந்து மாறிவிட முடிவு செய்தாள். வீட்டிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு சிறிய தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. இடம் கொடுத்தார்கள். அவளிடம் அறுபத்திரண்டு புள்ளிகள் இருந்தன. அவர்கள் ஏற்றுக்கொண்டது நாற்பத்தேழு. மற்றவை பாடத்தின் பெயர் சரியில்லை, மணிநேரம் போதவில்லை என்று வழியிலேயே உதிர்ந்தன. தேர்ச்சி பெற்ற பாடங்களுக்குத்தான் இந்தச் சோதனையெல்லாம். தோற்ற இரண்டு தடவைகளும் எந்தக் கேள்வியும் இல்லாமல் முழுசாக வந்து சேர்ந்தன. புதுக் கல்லூரியில் கால் வைக்கும்போதே மெக்கானிக்ஸில் அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு தடவை.

3

மாற்றலாகி வருகிறவர்களுக்கு மிச்சப் பாடங்களைத் திட்டமிட்டுக் கொடுக்க அந்தக் கல்லூரியில் ஓர் ஆலோசகர் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுகிற பெண்மணி. யாழினி கூப்பிட்டதால் நாங்களும் போனோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளையோடு அப்பா அம்மா இருவரும் வந்து உட்காருவதை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கூடுதலாக ஒரு நாற்காலியைப் பக்கத்து அறையிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது.

"அந்தப் பரீட்சையை நாங்கள் எப்போது எழுத வேண்டும்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் குழம்பி, "நீங்களும் எழுதுகிறீர்களா?" என்றார்.

பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு என்றால் "இந்த வருசம் நமக்குப் பரீட்சைங்க" என்று சொல்லும் ஊர் நம்முடையது. அதை அப்படியே ஜெர்மனில் சொல்லியிருக்கிறேன். யாழினியின் காது மடல் சிவந்துவிட்டது. ஆலோசகர் அதற்குப் பிறகு அவளை மட்டும் பார்த்தே பேசினார்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, மூன்றாவது தடவை எழுதுவதற்கு முன்பே மெக்கானிக்ஸ் இல்லாத வேறு படிப்புக்கு மாறிக்கொள்வது. நாற்பத்தேழில் பாதிக்கு மேல் அங்கே செல்லும். இன்னொன்று, வருகிற ஜூலையில் எழுதுவது. தள்ளிப்போட முடியாது. தேறினால் தொடரலாம், தேறாவிட்டால் அதோடு சரி.

"எழுதுறேன்," என்றாள் யாழினி.

அவள் போட்ட திட்டம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. முதல் செமஸ்டரில் மெக்கானிக்ஸ், கூடவே ஒரே ஒரு ஆய்வகப் பாடம். பிறகு செமஸ்டருக்கு நாலு பாடம், அதற்கு மேல் இல்லை. மொத்தம் ஏழு செமஸ்டர். ரவியின் மனசில் ஐந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆலோசகர் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது ஆரம்பித்தார்.

"ஒரு செமஸ்டர் பூரா ஒரே பேப்பரா? நாங்கெல்லாம் ஆறு பேப்பர், ரெண்டு லேப்."

"தெரியும்ப்பா."

"ஏழு செமஸ்டர்னா இன்னும் மூணரை வருசம் கண்ணு. உன்கூடப் படிச்சவங்க எல்லாம்…"

"தெரியும்ப்பா," என்றாள் மறுபடி. அன்று பேச்சு அதோடு முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் ஐந்து என்ற எண்ணும் ஏழு என்ற எண்ணும் வேறு வேறு பேச்சுகளுக்கு நடுவில் வந்துகொண்டேயிருந்தன. நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. எனக்கு ஜூலைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

4

பழைய கல்லூரியை முடித்துக்கொண்டு புதியதில் சேர்வதற்கு இடையில் ஒரு மாதம் இருந்தது. அப்போதுதான் அந்தக் கல்யாணத்துக்கு நானும் யாழினியும் போனோம். தங்கியது துடியலூரில் என் தம்பி கார்த்தி வீட்டில். மோட்டார் பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்தில் வருத்தம் தெரியவில்லை, சுறுசுறுப்புதான் தெரிந்தது.

"ஏனுங்கக்கா, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறீங்க? பேசாம புள்ளைய இங்கயே சேத்துப் போடலாமுங்க. நம்மூர்ல இல்லாத காலேஜா? எனக்கு ஆள் தெரியும்."

நான் மறுப்பதற்கு முன்னால் யாழினி, "போய்ப் பாக்கலாம் மாமா," என்றாள். அது எனக்கு அதிர்ச்சி. அவள் அவ்வளவு தூரம் களைத்துப்போயிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்லூரிக்குப் போனோம். அட்மிஷன் பார்க்கும் அம்மா எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மணி, உன்கிட்ட மறச்சுப் பேசறதுக்கு என்ன இருக்குது. அங்க படிச்சது எதுவும் இங்க கணக்குல வராது கண்ணு. மொத வருசத்துல இருந்துதான் ஆரம்பிக்கோணும்."

"நாப்பத்தேழும் போயிருமா?" என்றாள் யாழினி.

"போயிரும். ஆனா ஒண்ணு, பழைய ஃபெயிலும் வராது. சுத்தமா புதுசு."

யாழினி யோசித்தாள். "இங்க ஒரு பாடத்தை எத்தன தடவை எழுதலாம்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "கோர்ஸுக்குன்னு ஒரு காலக்கெடு இருக்குது. அதுக்குள்ள எத்தன தடவ வேணும்னாலும் எழுதிக்கலாம். எங்க பசங்க எழுதிட்டேதான் இருக்கறாங்க."

 வீட்டு வாசலில் இறங்கியதும், "வேண்டாம் மாமா," என்றாள். "முதல்ல இருந்துன்னா என்னால முடியாது." கார்த்தி கட்டாயப்படுத்தவில்லை. "செரி கண்ணு, உன்ற இஷ்டம்," என்று பட்டறைக்குப் போய்விட்டான்.

கார்த்தியின் மகன் கோகுல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மெக்கானிக்கல் கடைசி வருஷம். அவனிடம் எட்டு அரியர் இருப்பதை வீட்டில் வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். மழை வரும்போலிருக்கிறது என்பதைச் சொல்கிற அதே குரலில் சொல்வார்கள்.

"மூணே தடவையா?" என்றான் யாழினியிடம். அவனால் நம்ப முடியவில்லை. "அத்தை, நெசமாத்தான் சொல்லுதா? அப்படிப் பாத்தா என்னைய மொத வருசமே ஊட்டுக்கு அனுப்பிப் போட்டிருப்பாங்க. மெக்கானிக்ஸ் நான் நாலாவது தடவதான் பாஸு."

"நாலு தடவை படிச்சியா?" என்று யாழினி கேட்டாள்.

"நாலு தடவையும் படிச்சேன். மத்தவங்கெல்லாம் ஒரு தடவ படிச்சு மறந்துபோட்டாங்க. அதுல எனக்குத் தெரியாத கணக்கே கெடையாது."

 அவள் மாடிக்குப் போய்த் தன் பழைய வினாத்தாளை எடுத்துவந்தாள்.

நாங்கள் கிளம்பும்வரை காலைச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் மாடி அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். கோகுலுக்கு ஜெர்மன் தெரியாது, யாழினிக்கு அவனுடைய தமிழ் பாதிதான் பிடிபடும். படத்துக்கு மொழி தேவைப்படவில்லை. ஏணி சுவரில் சாய்ந்திருக்கும், அது நழுவுமா என்பது கேள்வி. யாழினி எடுத்ததும் சமன்பாடு எழுதுவாள். அவன் பேனாவைப் பிடுங்கிக்கொள்வான். "மொதல்ல ஏணிய மட்டும் தனியா வரை. செவுத்த எடு, தரைய எடு. எடுத்த எடத்துல என்ன தள்ளுதோ அந்த அம்ப போடு. அம்பு எந்தப் பக்கம்னு தெரியலன்னா சும்மா ஏதோ ஒரு பக்கம் போட்டுரு. தப்பா இருந்தா கடைசில மைனஸ் வந்து அதுவே சொல்லிரும்."

வந்துபோன சொந்தக்காரர்கள் அத்தை மகளும் மாமன் மகனும் மாடியில் ஒன்றாகப் படிப்பதைப் பார்த்து அவரவர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவிநாசியில் எந்த மண்டபம் நல்ல மண்டபம் என்றுகூட ஒருவர் என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

5

திரும்பிவந்த பிறகு நாட்கள் ஒரே மாதிரி போயின. காலையில் நான் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவில் நிற்கப் போவேன். ரவி கம்பெனிக்கு. யாழினி ரயிலுக்கு. மாலையில் அவள் கோகுலோடு வீடியோவில் ஒரு கணக்கு போடுவாள். கேட்டுக்கேட்டு அவள் தமிழில் மாற்றம் வந்தது. ஒருநாள் பாலைக் கொட்டிவிட்டு, "அம்மா, கொட்டிப்போட்டனுங்க," என்றாள். ரவி செய்தித்தாளைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். எங்கள் இருவரையும்விடக் கோயமுத்தூர்க்காரியாகப் பேசினாள்.

ஜூலையில் எழுதினாள். வெளியே வந்து, "எழுதியிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. தேர்ச்சிக்கு மிக அருகில் வந்து தோற்றிருந்தாள்.

ரவி அன்று கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வந்து என்ன செய்வதென்று தெரியாமல் தோட்டத்துக் குழாயை எடுத்து, ஏற்கெனவே நனைந்திருந்த செடிகளுக்கு மறுபடி தண்ணீர் விட்டார். நான் சோறு வடித்தேன். யாழினி அறையைவிட்டு வரவில்லை.

மறுநாள் காலையில் அவளே ஆலோசகருக்குப் போன் செய்தாள். அவர்கள் கல்லூரியின் விதியில் ஒரு வாசல் இருந்தது. கடைசித் தடவை எழுத்துத் தேர்வில் நூலிழையில் தவறியவர்களை இரண்டு பேராசிரியர்கள் நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். தேறினால், மிகக் குறைந்த தேர்ச்சி மதிப்பெண் எதுவோ அது கிடைக்கும். அதற்கு மேல் எதுவும் கிடையாது. தேறாவிட்டால் மேல்முறையீடு எதுவும் இல்லை.

"அம்மா, நீங்க வாங்க," என்றாள். "அப்பா வேண்டாம். அப்பா நின்னா நான் அப்பா மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பேன்."

இதை ரவியின் முன்னாலேயே சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "நான் வண்டியக் கொண்டாந்து உடறேன். கார்லயே இருந்துக்கறேன்."

6

ஆகஸ்ட் வெயில் அன்றைக்கு நம்மூர் வெயில் மாதிரியே இருந்தது. ரவியை வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம். விடுமுறைக் காலம் என்பதால் நடைபாதை காலியாக இருந்தது. கதவு திறந்து அவள் பெயரைச் சொன்னார்கள். அவளுடைய பெயரில் உள்ள ழகரத்தை இந்த நாட்டில் யாரும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள்.

அரை மணி நேரத்தில் வெளியே வந்தாள். அவர்கள் உள்ளே கலந்து பேசுவதற்காக வெளியே நிற்கவைத்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு எதிரே ஜன்னலைப் பார்த்தாள்.  பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை உடனே வந்துவிட்டாள்.

"நாலு," என்றாள்.

ஜெர்மனியில் ஒன்று என்பது மிக உயர்ந்த மதிப்பெண், நாலு கடைசித் தேர்ச்சி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒருமுறை கேட்டேன். "பாஸா?"

"பாஸ்ம்மா."

வாகன நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தாள். ரவி கார்க் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் முன்னால் வரவில்லை. அவள் நாலு விரல்களை நீட்டிக் காட்டினாள். அவர் திரும்பி நின்று, கார் கூரைமேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கூரை நிச்சயம் சுட்டிருக்கும்.

துடியலூருக்குக் காரிலிருந்தே வீடியோ போட்டோம். கார்த்தி எடுத்தான்.

"நாலு எடுத்துட்டேன் மாமா!"

"நாலுக்கு நாலா? பலே கண்ணு! அமெரிக்காவுலகூட நாலுதானுங்க டாப்பு!" என்று கத்தினான். பின்னாலிருந்து கோகுலின் தலை எட்டிப்பார்த்தது. அவன் முகம் வெளிறியிருந்தது. "அப்பா, சும்மா இருங்க. பத்துக்கு நாலுன்னா ஃபெயிலுங்க. ஏய் யாழினி, என்னாச்சு?"

அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் யாழினிக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. விளங்கியதும் அவன் வெளியே ஓடினான். யாருக்கோ சத்தமாகச் சொல்வது கேட்டது.

கிளம்பினோம். உள்ளே என்ன நடந்தது என்று யாழினி பின் இருக்கையிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்ட கணக்கு இது: ஒரு தாங்கியில் விளம்பரப் பலகை தொங்குகிறது. அவள் வரைந்ததில் ஓர் அம்பு தப்பான பக்கம் இருந்திருக்கிறது. "உறுதியாகத்தான் சொல்கிறாயா?" என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். இல்லை, திசை எனக்கு இப்போது தெரியவில்லை, தப்பென்றால் முடிவில் மைனஸ் வரும், அப்போது திருத்திக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறாள். மைனஸ் வந்தது. திருத்தினாள். அதற்குப் பிறகு அவர்கள் கடினமாக எதையும் கேட்கவில்லையாம்.

ரவி கேட்டுக்கொண்டே ஓட்டினார். நெடுஞ்சாலையைவிட்டு எங்கள் ஊருக்குள் திரும்பும்போது தொண்டையைச் செருமினார். "இனி பெரிய தடை இல்ல. அடுத்த செமஸ்டர்ல ஆறு பேப்பர் எடுத்தா, அஞ்சு செமஸ்டர்லயே…"

"அப்பா," என்றாள் யாழினி. குரலில் கோபமில்லை. "இத முடிப்பனான்னே எனக்குத் தெரியாது. அடுத்த வருசம் எனக்குப் பிடிக்காமப் போலாம். பிடிக்கவும் செய்யலாம். ஆனா இனிமே உட்டா நானா உடறது. யாரும் என்னைய வெளிய அனுப்பல."

நான் முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயது. இந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று தோன்றியது. அந்த எண்ணம் என்னைப் பயமுறுத்தவில்லை.

சிவப்பு விளக்கு விழுந்தது. ரவி வண்டியை நிறுத்தினார். பச்சை விழும்வரை ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கியரைப் போட்டுக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், "அப்ப ஏழே இருக்கட்டும்," என்றார்.